மூன்றாவது நாற்காலியில் சுசித்ரா

போச்சம்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் அண்ணாதுரைக்கு முனிவேல் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். அங்கு நீயும் தங்கச்சி அருணாவும் நலமாக இருக்க முருகனிடம் சொல்லியிருக்கிறேன், அவர் பார்த்துக்கொள்வார்.

என் மகள், உன் மருமகள் மேகலாவை ஓசூர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்த்துவிட்டது நீதான், ஆகவே அவளை அடக்க வேண்டியதும் நீதான். அங்கே ஆராய்ச்சி செய்கிற இளசுகள் ஒன்பது பேர் சேர்ந்து இயக்குநருக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். வேலை செய்தவர் பெயரைக் கட்டுரையில் போட வேண்டுமாம், சரியாக வராத முடிவையும் மறைக்காமல் எழுத வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டுமாம். பட்டம் வாங்க இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி. பேராசிரியர் முறைத்துக்கொண்டால் மூன்று வருட உழைப்பும் போச்சு.

புத்தி சொல்லலாம் என்று வியாழக்கிழமை உன் அக்கா கட்டிக்கொடுத்த களியோடு கிருஷ்ணகிரியில் பஸ் மாறிப் போனேன். கேட்டில், மூன்றாவது நாற்காலியில் இருக்கிற மேகலா என்று சொன்னதற்கு வாட்ச்மேன் ராமப்பன், "மேகலான்னு யாரும் இல்லீங்களே சார். மூணாவது சேரா? அது சுசித்ரா மேடம். ஏழு வருசமா இருக்காங்க" என்றார். உள்ளே போனால் மூன்றாவது நாற்காலியில் என் மகள். கம்ப்யூட்டரில் சுசித்ரா, நோட்டில் சுசித்ரா, போட்டிருந்த வெள்ளைக் கோட்டிலும் சுசித்ரா. அங்கே அதுதான் வழக்கமாம். ஆள் போனாலும் பெயரை எடுக்க மாட்டார்கள், புதிதாக உட்காருகிறவர் பழையவர் பெயரிலேயே எழுதிக்கொண்டு போக வேண்டும். அன்றைக்கு சுசித்ராவுக்குப் பிறந்தநாள் வேறு. என் மகள் மெழுகுவர்த்தியை ஊதினாள், எனக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள்.

"நெஜ சுசித்ரா எங்கம்மா?" என்றேன்.

"யாருக்கும் தெரியலப்பா. அவங்க பேரே சுசித்ராதானான்னும் தெரியல."

மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"திருப்பி அனுப்பிட்டாருப்பா. கையெழுத்துப் போட்டவங்க யாருமே இப்ப இங்க இல்லியாம்."

பழக்கதோஷத்தில் ஒன்பது பேரும் நாற்காலியின் பெயரையே போட்டிருக்கிறார்கள். நான் சிரித்துவிட்டேன். அந்த அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. நாளை சொந்தப் பெயரில் மறுபடியும் கொடுக்கப்போகிறார்களாம். நீ உடனே போய்த் தடுத்துவிடு. பட்டத்திலாவது மேகலா என்று போடுவார்களாம், அதுவரை சுசித்ராவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்
முனிவேல்

பி.கு.: இதை ஆள் மூலம் கொடுத்தனுப்பக் கவரை ஒட்டும் முன் மகளுக்குப் போன் செய்தேன். இன்றும் வேலையில்தான் இருந்தாள். "சாப்டியா சுசித்ரா?" என்று கேட்டது நான்தான் மச்சான். "சாப்டேம்ப்பா" என்று அவளும் சொன்னாள். இரண்டு பேருக்கும் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு, தடுக்க வேண்டாம். நாளை காலை நீயும் என்னோடு ஓசூருக்கு வா. அவள் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நின்று, முதல் எழுத்து 'மே' தானா என்று பார்க்க வேண்டும்.