எபினேசரின் முதலாம் ஓலை

பத்து வேதப்புத்தகங்களோடு அந்த வீட்டுக்குள் போன எபினேசர், ஒன்றைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பையில் பதினொரு புத்தகங்கள் இருந்தன. ஆட்டோவில் உட்கார்ந்து மூன்று முறை எண்ணிப் பார்த்தான். பதினொன்றேதான். அவன் கொண்டுவந்ததில் மீதி ஒன்பது, தடியாகப் புத்தம் புதிய வேதப்புத்தகம் ஒன்று, கூடவே பாமாலை என்கிற ஞானப்பாட்டுப் புத்தகம் ஒன்று.

"கமால் அண்ணே, ஒரு டவுட்டு லா. நான் புத்தகம் குடுக்க வந்தேன். அவங்க ஏன் எனக்குக் குடுக்குறாங்க?"

ஆட்டோக்காரர் கமால் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். "எனக்கு இன்னா தெரியும் நைனா? நானே ராயபுரத்து சாயபு. உங்காளுங்க மேட்டர உங்காளுங்களாண்டயே கேளு."

மலேசியாவின் கிள்ளானிலிருந்து பத்து நாள் மிஷன் பயணமாக நாலு கல்லூரி மாணவர்கள் வந்திருந்தார்கள். அதில் எபினேசருக்குத்தான் தமிழ் ஒழுங்காக வரும். சபைப் போதகர் சாலமோன் ஐயர் மற்ற மூன்று பேரையும் நெட்டுக்குப்பத்தில் ஞாயிறு பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க அனுப்பிவிட்டு, இவனை வீடு சந்திப்புக்கு அனுப்பினார். சுண்ணாம்பு அடிக்கப் போனவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். தமிழ் தெரிந்த பாவத்துக்கு இவன் மாட்டிக்கொண்டான்.

முதல் வீடு ஞானதுரையுடையது. ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம், சபையில் செயலாளர். உட்கார்ந்த உடனே கேள்வி ஆரம்பித்துவிட்டது.

"தம்பிக்குப் பூர்வீகம் எது?"

"தாத்தாவுக்கு நாசரேத்துன்னு சொல்வாங்க அங்கிள்."

"அப்படிச் சொல்லுங்க! நமக்கு மெஞ்ஞானபுரம். பக்கத்து ஊருல்லா! படிப்பு என்ன? கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு? சுகர், பிரஷர் ஏதும் உண்டா?"

ஆத்துமாவை விசாரிக்க வந்தவனிடம் சுகரை விசாரித்தார்கள். அவனும் ஒன்று விடாமல் பதில் சொன்னான். பிறகு யாருக்குப் புத்தகம் கொடுப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தான். ஷோகேஸில் ஏற்கெனவே ஐந்து வேதப்புத்தகங்கள் இருந்தன.

அப்போதுதான் ஞானதுரையின் மகள் பெனிஷா காபியோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டு, துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணு தருவீங்களா?"

முதல் ஆத்துமா! எபினேசருக்குப் புல்லரித்துவிட்டது. கொடுத்தான். கண்ணை மூடி அவளுக்காக உருக்கமாக ஜெபமும் பண்ணினான். கண்ணைத் திறந்தால், அவளுடைய அம்மா அழுதுகொண்டிருந்தாள். மாடி வீட்டுக்காரர்கள் கீழே இறங்கி வந்திருந்தார்கள். யாரோ குலவை போட்டார்கள். யாரோ அவன் வாயில் ஒரு பிடி சர்க்கரையை அள்ளிப் போட்டார்கள்.

"இந்தத் தடவையாவது கர்த்தர் கண்ணைத் திறந்தாரே!" என்று சொல்லி, ஞானதுரை பெனிஷா கையால் அந்தப் புதுப் புத்தகத்தையும் பாமாலையையும் அவனிடம் கொடுக்க வைத்தார். போட்டோவும் எடுத்தார்கள்.

அதை எபினேசர் தன் குழுவின் வாட்ஸப்பில் போட்டான். 'முதல் வீட்டிலேயே வார்த்தையை மகா சந்தோஷத்தோடு ஏற்றுக்கொண்டார்கள்!' கிள்ளானிலிருந்து முப்பத்தேழு பேர் கைதட்டினார்கள்.

இப்போது ஆட்டோவில்தான் அவனுக்கு விதி ஞாபகம் வந்தது. மிஷன் பயணத்தில் யாரிடமும் அன்பளிப்பு வாங்கக் கூடாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் அந்த அம்மா மனம் நொந்துபோவாள். அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டால்? விதியும் மீறவில்லை, ஊழியமும் ஆயிற்று. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான், பாவம்.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து வளைந்து ஆட்டோ திருவொற்றியூர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. அங்கே இரும்புக்கடை வேதமாணிக்கம் வீடு. அவர் மகள் மகிமா வேலையிலிருந்து அப்போதுதான் வந்து கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். எபினேசர் நேரே போய் அந்தத் தடித்த புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார் சிஸ்டர்" என்றான்.

வேதமாணிக்கம் முதலில் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்தது. பிறகு முதல் பக்கத்தைத் திறந்தார். அதில் அழகான கையெழுத்தில் 'பெனிஷா ஞானதுரை' என்று எழுதியிருந்தது.

"ஓய்! என்ன காரியம் பண்ணுதீரு?"

"என்ன அங்கிள்?"

"நிச்சயத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் வேதப்புத்தகம் மாத்திக்கிடுததுதான் எங்க வழக்கம். காலையில ஞானதுரை பொண்ணுகூட மாத்திட்டு, மத்தியானம் அதே புத்தகத்தை எம் மவ கையில குடுக்கீரே, நீரு ஊழியக்காரரா, இல்ல…"

"அப்பா, போதும். அவர் முழியைப் பார்த்தாலே தெரியலையா, ஒண்ணும் புரியலைன்னு" என்றாள் மகிமா.

உண்மையிலேயே எபினேசருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருக்கு அங்கிள் நிச்சயம்?"

"உமக்குத்தான்யா!"

எபினேசருக்குக் காது அடைத்தது. அடுத்த திங்கட்கிழமை கிள்ளானில் அவனுக்குப் பரீட்சை. இங்கே ஒரு பெண்ணோடு நிச்சயமாகியிருக்கிறது. அதுவும் அவனே கண்ணை மூடி ஜெபித்து நடத்திவைத்த நிச்சயம்.

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ராயபுரத்துக்கே திரும்ப ஓடினான். திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தான். ஆனால் வேதமாணிக்கத்தின் போன் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஞானதுரை வாசலிலேயே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"வேதமாணிக்கம் வீட்டுலயிருந்து புத்தகத்தைப் பிடுங்கிட்டு வந்துட்டாரு பாருங்க! நம்ம பொண்ணுதான் வேணும்னு வந்துட்டாரு!"

"இல்ல அங்கிள், எனக்குக் கல்யாணமே வேணாம் லா. நான் முழுநேர ஊழியத்துக்குப் போகப்போறேன்."

"ஊழியக்கார மாப்பிள்ளை! இதுக்குத்தானே முழங்கால் தேய ஜெபிச்சோம்!"

"எங்கம்மாகிட்டக் கேக்கணும் அங்கிள்!"

கேட்டார்கள். அவனுடைய போனிலேயே, வீடியோவில். பெனிஷாவைப் பார்த்ததும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "மெஞ்ஞானபுரமா? அட, நம்ம பக்கம் லா! டேய் எபி, கர்த்தர் உன்னை எதுக்கு அங்க அனுப்பினாருன்னு இப்பத்தான்டா புரியுது!"

எனக்கு மட்டும் ஏன் புரியவே மாட்டேன் என்கிறது என்று எபினேசர் நொந்துகொண்டான்.

"ஆறப் போட்டா ஆகாது" என்றார் ஞானதுரை. "வர்ற ஞாயித்துக்கிழமையே முதலாம் ஓலை வாசிச்சிடுவோம். கிள்ளான் சபைக் கடிதத்தை அப்புறமா வாட்ஸப்புல வாங்கிக்கிடலாம்."

இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் மூன்று ஞாயிறு அறிவிப்பதுதான் ஓலை. வாசித்துவிட்டால் அப்புறம் ஊருக்கே தெரிந்த சங்கதி. எபினேசர் சாலமோன் ஐயர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

ஐயர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ஞானதுரை அண்ணாச்சிதான் செயலாளர். நான் இங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கணும். ஒண்ணு பண்ணு. ஓலை வாசிச்சு முடிச்சதும் தடை உண்டான்னு கேப்பேன். எந்திரிச்சுச் சொல்லிரு."

"மாப்பிள்ளையே சொல்லலாமா ஐயா?"

"இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல. சொல்லக் கூடாதுன்னும் எங்கேயும் எழுதல."

மீதி நாட்களில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாண பயம் கொஞ்சம்தான். எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்றால் அந்தப் பெண் எப்படி நிமிர்ந்து நடப்பாள்? ஒன்றும் அறியாத பெண், ஆசையாகக் கை நீட்டி ஒரு வேதப்புத்தகம் கேட்டது. அதற்கா இந்தத் தண்டனை?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. ஐயர் ஓலையை வாசித்தார். "…இவ்விருவரும் பரிசுத்த விவாகத்தில் இணைக்கப்படுவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவர்கள். இது முதலாம் ஓலை."

எபினேசர் எழுந்தான். "தடை இருக்கு ஐயா."

"என்ன தடை?"

"நான்தான்."

கோயிலே திரும்பிப் பார்த்தது. நாலாவது பெஞ்சிலிருந்து வேதமாணிக்கம் மட்டும் "ஆமென்!" என்று கத்தினார். ஞானதுரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாடகர் குழுவில் நின்ற பெனிஷா கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்குவதைப் பார்த்து எபினேசருக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் அவளிடம் ஓடினான். "சிஸ்டர், என்னை மன்னிச்சிடுங்க. உங்க வாழ்க்கையையே கெடுத்துட்டேன்."

அவள் கைக்குட்டையை எடுக்காமலே, "பரவால்ல பிரதர். எல்லாம் நன்மைக்குத்தான். பத்திரமா ஊருக்குப் போங்க" என்றாள். என்ன பெருந்தன்மை! அவனுக்கு அழுகை இன்னும் அதிகமாகிவிட்டது.

பின்னால் ஞானதுரையின் குரல் கேட்டது. "இனி ஒரு வருஷத்துக்கு எவனாவது எம் வீட்டுல கல்யாணப் பேச்சை எடுத்தான்னா, அவன் எம் கடைப்படியே ஏறக் கூடாது!"

மத்தியானம் மற்ற மூன்று பேரும் பெட்டிகளோடு வேனில் விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள். சுண்ணாம்பு அடித்தவர்களின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எபினேசருக்கு அவர்களோடு உட்கார வெட்கமாக இருந்தது. கமாலின் ஆட்டோவில் ஏறிக்கொண்டான். காசிமேடு தாண்டியும் அவன் விசும்பல் நிற்கவில்லை.

"இன்னா நைனா, இன்னும் அழுதுகினு கீற?"

"ஒரு அப்பாவிப் பொண்ணை ஊர் முன்னாடி அவமானப்படுத்திட்டேன் அண்ணே. இனிமே அவங்களை யாரு கல்யாணம் பண்ணுவாங்க?"

கமால் வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"அட, குட்ச்சிட்டு கம்முனு வா நைனா, போன வருசம் சிங்கப்பூர் பையனும் இதே சீட்ல குந்திகினு இப்டித்தான் அழுதான், பெனிஷா பாப்பாவுக்கு வக்கீல் படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் கீதாம், அடுத்த வருசத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லி லண்டன் சபைக்கு இப்பவே லெட்டர் போட்ருச்சு!"