திருத்திய ஒலியுடன் கச்சேரி

மற்ற ஊர்களில் ஒரு கச்சேரி முடிந்தால் அது முடிந்துவிடும். பந்தலைப் பிரிப்பார்கள், ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றுவார்கள், ஆர்மோனியக்காரர் தன் செருப்பைத் தேடுவார். எங்கள் ஊரில் எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரைத் திருவிழாவில் நடந்த மெல்லிசைக் கச்சேரி நான்கு வருஷம் ஆகியும் முடியவில்லை. அதை வீடியோ எடுத்திருந்தார்கள் என்பதே காரணம்.

ஊரின் பெயர் வேண்டாம். முல்லையாற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால், இன்னும் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாமே என்று பேரூராட்சி வருத்தப்படும்.

கச்சேரியில் பாடியவர் ஞானசெல்வி. போடி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்த குரல். அந்தக் கேசட் கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று வாடகை டெக்கில் ஏறி இறங்காத இடம் இல்லை. கருவாட்டு வாசனைக்கு நடுவிலும் அவர் பாடினால் பந்தியில் கை நிற்கும். அத்தனை சுத்தமாகப் பாட்டு கேட்டது.

பிரச்சினை அதில்தான் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் பாட்டு நடக்கும்போதே மேடையேறிப் பாடுகிறவருக்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கிறவரை ஊர் மதிக்காது. போர்த்துகிறவரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வதற்கென்றே பேரூராட்சியில் ஓர் ஆள் உண்டு. அழகுமலை என்று பெயர், தற்காலிகப் பணியாளர். குடிநீர் வராது என்று சொல்வதும் அவர்தான், பொன்னாடை வந்தது என்று சொல்வதும் அவர்தான். கச்சேரி அன்று அவருக்குக் கொடுத்த மைக் சரியில்லை. ஆகவே கேசட்டில் பாட்டு முழுசாக இருந்தது, பெயர்கள் கொசுச் சத்தமாக இருந்தன.

ஏலக்காய் வியாபாரி பால்பாண்டி தன் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்து இந்தக் கேசட்டைப் போட்டார். திரையில் அவர் பொன்னாடையோடு மேடை ஏறினார். சத்தத்தில் அவர் இல்லை.

"மாமா, அங்கன யாரு, உங்க டிரைவரா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

மறுநாளே பேரூராட்சிக்குப் புகார் போனது. செயல் அலுவலர் சுந்தர்ராஜ் எதையும் சட்டப்படி செய்கிறவர். தும்மினால்கூடத் தேதி போடுவார் என்பார்கள். அவர் உடனடியாகக் கலாசார ஒலி மேம்பாட்டுக் குழு ஒன்றை அமைத்தார். பொன்னாடை போர்த்தியவர்கள் அனைவரும் உறுப்பினர்கள். பாடியவரைச் சேர்த்தால் பாரபட்சம் ஆகிவிடும் என்பதால் சேர்க்கவில்லை. குழு ஒரே கூட்டத்தில், "மேற்படி கச்சேரியைத் திருத்திய ஒலியுடன் மறுவெளியீடு செய்வது" என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

வேலை தங்கபாண்டியின் வீடியோ சென்டருக்குப் போனது. அவரிடம் துபாயிலிருந்து வந்த எக்கோ மெஷின் இருந்தது. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் எக்கோ இல்லாத சத்தத்தை யாரும் சத்தம் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்ததை எக்கோவில் சொன்னார்கள். "எங்கய்யா சாவு அறிவிப்புக்கு ஏன் எக்கோ போடல, நாங்க என்ன குறைஞ்சு போயிட்டமா?" என்று ஒரு குடும்பம் மைக் செட்டுக்காரரிடம் சண்டைக்கே போனது.

தங்கபாண்டி, பாவம், தொழில் தெரிந்தவர். செயல் அலுவலரிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"சார், இந்த டெக்குல சத்தத்துக்கு ஒரே ஒரு பட்டைதான். அழகுமலை அண்ணனப் புதுசாப் பேச வச்சு ஏத்தினா, அங்கன இருக்கிற பாட்டு அழிஞ்சுரும்."

"படம் அழியுமா?"

"படம் அப்படியே இருக்கும் சார்."

"படத்தில் அந்தப் பெண் வாய் அசைக்கிறாள் அல்லவா? பாடுகிறாள் என்று அதிலேயே தெரிகிறதே. தெரிகிற விஷயத்தை எதற்கு இன்னொரு தடவை சத்தமாக வேறு சொல்ல வேண்டும்?"

"அப்ப ஒரு காப்பி எடுத்து அதுலயாவது செய்வோம். மாஸ்டர்ல கை வைக்க வேணாம்."

"காப்பியில் தரம் குறையும் என்று நீர்தானே சொன்னீர்? பெரியவர்களின் பெயர்கள் தரம் குறைந்து வரலாமா?"

மாஸ்டரிலேயே வேலை நடந்தது. அழகுமலை எக்கோ மெஷின் முன்னால் உட்கார்ந்து பெயர்களைச் சொன்னார். முதல் நாள், மேடையேறியவர்களின் பெயர்கள். அடுத்து, மேடையேற நினைத்துக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களின் பெயர்கள். அதற்குப் பிறகு மாற்றலாகி வந்த அதிகாரிகள் தங்கள் பெயர் எங்கே என்று கேட்டார்கள். கச்சேரி நடந்தபோது அவர்கள் வேறு ஜில்லாவில் இருந்தார்கள்.

"மரியாதை பதவிக்குத்தான், ஆளுக்கு இல்லை. பழைய ஆள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடு" என்றார் சுந்தர்ராஜ். அவர் வந்தே ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

பெயர்கள் இல்லாத இடங்களில் மிச்சமிருந்த பாட்டை, பெயர்களோடு ஒத்துப்போகவில்லை என்று அழித்துவிட்டார்கள். தங்கபாண்டி கடை ஜெனரேட்டரின் இரைச்சல் மட்டும் பின்னணியாக ஏறியது.

வெளியீட்டு விழாவில் கேசட்டைப் போட்டார்கள். ஞானசெல்வி முன்வரிசையில் இருந்தார். திரையில் அவர் கண்ணை மூடி, கையை மெல்ல உயர்த்தி, வாயைத் திறந்தார். அழகுமலையின் குரல் வந்தது.

"ஏலக்காய் வணிகர் திருவாளர் பால்பாண்டி அவர்கள்... அவர்கள்... வர்கள்..."

கூட்டம் கை தட்டியது.

"என்ன தெளிவு" என்றார் பால்பாண்டி, கண் கலங்கி. "நாலு வருஷத்துல சயின்ஸ் எம்புட்டு வளந்துருச்சு பாரு."

பின்வரிசையில் கீரை விற்கிற சோணையம்மாள் மட்டும், "ஏலே, அந்தப் புள்ள பாடுறது எங்கலே?" என்று கேட்டாள். எக்கோவுக்குப் பழகாத காது என்று அவளை உட்காரச் சொன்னார்கள்.

ஞானசெல்விக்கு அந்தக் கேசட் வேண்டியிருந்தது. மதுரையில் கல்வித்துறை அலுவலகம் பள்ளிக்கூடத்துக்கு இசை ஆசிரியர் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கான வயது வரம்பைத் தாண்ட அவருக்கு இந்த வருஷமும் அடுத்த வருஷமும்தான் பாக்கி. விண்ணப்பிக்கிறவர் அரசு சார்ந்த விழாவில் பாடியதற்கு ஒலி-ஒளிச் சான்று கொண்டுவர வேண்டும். பேரூராட்சி முத்திரை போட்ட சான்று அந்தக் கேசட் ஒன்றுதான். பழைய பிரதிகளைச் செயல் அலுவலர் வீடு வீடாகத் திரும்பப் பெற்று, "ஒலி திருத்தப்படாதவை" என்று எழுதி, அவற்றின் மேல் தேர்தல் விளக்கக் கூட்டத்தைப் பதிவு செய்திருந்தார்.

"நான் கூட வாரேன் தங்கச்சி" என்றார் அழகுமலை. அவருக்கு மனசு உறுத்தியது. "அது என் குரலுதான், உன் பாட்டு மேல ஏத்திட்டாகன்னு நானே சொல்றேன். சாட்சி சொன்னா விட்டுருவாகளா?"

இருவரும் மதுரை பஸ் ஏறினார்கள்.

தேர்வு அதிகாரி கேசட்டை முழுசாகப் பார்த்தார். முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்தார்.

"இதில் நீங்கள் பாடவில்லையே, அம்மா."

"பாடினேன் சார். மேல அறிவிப்பு ஏத்திட்டாக. இப்ப வேணும்னா பாடட்டுமா?"

"இங்கேயா?"

"பள்ளிக்கூடத்துல நேர்லதான சார் பாடச் சொல்லுவாக?"

"நேரில் பாடுவதை ஏற்க விதி இல்லை. போன வருஷம் ஓர் அம்மா நன்றாகப் பாடினார். எடுத்தோம். அடுத்த வாரமே அவருக்கு ஜலதோஷம். மனுஷக் குரல் நிலையில்லாதது. கேசட் அப்படி இல்லை."

அழகுமலை முன்னால் வந்தார். "அய்யா, இந்தக் கேசட்டுல இருக்கிறது என் குரலு."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "முழுக்கவுமா?"

"முழுக்க என்னுதுதாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அரசு சார்ந்த விழாவில், இசைக்குழுவோடு, ஒன்றரை மணி நேரம் ஒலித்த குரல் உங்களுடையது என்று எழுதித் தருவீர்களா?"

"தாராளமாங்க."

எழுதிக் கொடுத்தார். அதிகாரி அதை வாங்கி முத்திரை வைத்தார். பிறகு எழுந்து கை கொடுத்தார்.

"வாழ்த்துக்கள். திங்கள்கிழமை பணியில் சேரலாம்."

"நானா? எனக்குப் பாடத் தெரியாதுங்களே."

"சேர்ந்த பிறகு பயிற்சி உண்டு."

திரும்பி வரும் பஸ் உசிலம்பட்டியைத் தாண்டியது. அழகுமலை மெல்ல, "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக, தங்கச்சி" என்றார்.

"தெரியும்ணே. சேருங்க."

"புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பேன்?"

"தெரிஞ்சதச் சொல்லிக் குடுங்க."

அவர் அப்படியே செய்தார். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் "திருவாளர்... வாளர்... ளர்" என்று இறங்குமுகமாகச் சொல்லுவதில் ஜில்லாவிலேயே முதல். எக்கோ மெஷின் இல்லாமலே சொல்லுகிறார்கள்.

இங்கே பேரூராட்சியில் அறிவிப்பாளர் இடம் காலியானது. குடிநீர் வராததை ஊருக்குச் சொல்ல ஆள் இல்லை. சொல்லாததால் தண்ணீர் வருகிறது என்று நினைத்து ஜனங்கள் குழாயடியில் குடத்தோடு நின்றார்கள். சுந்தர்ராஜ் யோசித்து, குரல் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் ஞானசெல்வியை அழைத்தார்.

"வர்ற சித்திரைத் திருவிழாக் கச்சேரியில் அறிவிப்பும் நீங்கதான், பாட்டும் நீங்கதான். பேரூராட்சிக்கு ஒரு மைக் மிச்சம்."

"சரிங்க சார். எக்கோ வேண்டாம். எனக்குத் தலை வலிக்கும்."

"பெயர்கள் தெளிவாக வரணும்."

"எக்கோ இல்லைன்னா இன்னும் தெளிவா வரும்" என்றார் அவர். அது சரியாகப் பட்டதால் சுந்தர்ராஜ் குறித்துக்கொண்டார். தங்கபாண்டி கேமராவோடு வந்தார்.

கச்சேரி அன்று பொன்னாடை மூட்டை மூட்டையாக வந்தது. ஞானசெல்வி எல்லாவற்றையும் வாங்கி மேடை ஓரம் அடுக்கி வைத்துவிட்டு மைக் முன்னால் வந்தார்.

"பொன்னாடை கொண்டாந்த எல்லாப் பெரியவுகளுக்கும் வணக்கம். நீங்க யாரும் மேடையேறிக் கஷ்டப்பட வேண்டாம். உங்க பேர் எல்லாம் இந்தப் பாட்டுக்குள்ளயே வரும். எந்த இடத்துல வரும்னு முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். எக்கோ கிடையாது, ஒரு தடவைதான் வரும்."

பாடத் தொடங்கினார்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் அப்படி ஓர் அமைதியை யாரும் பார்த்ததில்லை. பால்பாண்டி வெற்றிலையை வாயில் வைத்து மெல்லாமல் இருந்தார். அழுத குழந்தைகளைப் பந்தலுக்கு வெளியே கொண்டுபோனார்கள். பலூன்காரரை அடக்கினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குரைத்த நாயை விரட்ட ஆள் போனது. ஒரு சங்கதியில் பெயர் ஒளிந்திருக்குமோ என்று அத்தனை பேரும் ஒவ்வொரு சங்கதியையும் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. தங்கபாண்டியின் கேமரா அசையவில்லை.

பாட்டு முடிந்தது. கடைசியில் ஒரே ஒரு பெயர் வந்தது.

"பாடியது, போடி ஞானசெல்வி."

கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். போகும்போது தங்கபாண்டியிடமிருந்து மாஸ்டர் கேசட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த விண்ணப்பத்துக்கு வேண்டுமே. தங்கபாண்டியும் மறுக்கவில்லை. போன தடவை மாஸ்டருக்கு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியும்.

கூட்டம் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

"என் பேரு வந்துச்சு" என்றார் பால்பாண்டி, பக்கத்திலிருந்த செயல் அலுவலரை ஓரக்கண்ணால் பார்த்து. "ரெண்டாஞ் சரணத்துல."

"என் பெயரும் வந்தது" என்றார் சுந்தர்ராஜ். "அதற்குச் சற்று முன்னால்."

"உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சா?"

"கேட்டது. மைக்கில்தான் ஏதோ கோளாறு."

"அதேதான். நானும் சொல்லணும்னு இருந்தேன்."

"பாட்டு கேட்டுச்சாப்பா?" என்று சோணையம்மாள் கேட்டாள்.

மறுநாள் காலையில் பேரூராட்சி திறக்கும் முன்பே மனு தயாராகிவிட்டது. பொன்னாடை தந்த அனைவரின் பெயரும் பாட்டில் வந்ததை ஒவ்வொருவரும் தத்தம் காதால் கேட்டிருக்கிறார்கள் என்றும், ஆனால் ஒலித்தரம் மோசமாக இருந்ததால் மற்றவர்களுக்கு அது கேட்டிருக்க வாய்ப்பில்லை என்றும், ஒரே ஒரு பெயர் மட்டும் அளவுக்கு மீறித் தெளிவாகக் கேட்டது வருந்தத்தக்கது என்றும், ஆகவே மேற்படி கச்சேரியைத் திருத்திய ஒலியுடன் உடனடியாக மறுவெளியீடு செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்தது.

ஊரில் எனக்குத்தான் தமிழும் இங்கிலீஷும் கோர்வையாக வரும் என்று என்னிடம் வந்து எழுதச் சொன்னார்கள். இரண்டிலும் எழுதிக் கொடுத்தேன். நானும் ஒரு பொன்னாடை கொடுத்திருந்தேன். முதல் சரணத்தில் வந்தது.