உஷ் பாயும் முதுகில் தூக்குகிற டார்ச்சும்

பாலாற்றின் இரண்டு கரையிலும் சலித்துத் தேடினாலும் நெருப்பைக் காதால் பார்க்கிற இன்னொரு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் உஷ் பாய் ஒருவர்தான்.

ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையில் அவர் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். நிஜப் பெயரை அவர் வீட்டம்மாவாவது சொல்லிக் கூப்பிட்டிருப்பாரா என்பது சந்தேகம். கேஸ் டார்ச்சைப் பற்ற வைத்ததும் இடது கையைத் தூக்கி "உஷ்!" என்பார். மொத்த ஷெட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தோல் பார்க்க ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு துரை, அந்த நேரம் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்தார். "உஷ்!" துரை மூடிக்கொண்டார். ஊருக்குப் போகும்வரை சரியாகத் திறக்கவில்லை என்று கேள்வி.

"நெருப்பு பேசறப்ப நாம பேசக் கூடாது சார்" என்பார் பாய். "சீறுச்சின்னா ஆக்சிஜன் ஜாஸ்தி. முனகுச்சின்னா கம்மி. டப்பு டப்புன்னுச்சின்னா..."

"ன்னா?"

"ஓடிடுங்க."

எங்களிடம் இருந்த, இரும்பு அறுக்கிற கட்டிங் செட் ஆள் உயரத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒரு தள்ளுவண்டி. மாடியில் ஒரு போல்ட்டை அறுக்க வேண்டுமென்றாலும் அதை ஏற்ற உற்சவ மூர்த்தியைத் தூக்குகிற மாதிரி ஒரு கூட்டம் தேவை. எங்கள் ஜி.எம். பர்ச்சேஸில் இருந்த என்னைக் கூப்பிட்டார். "ஒரே ஆள் தூக்கிட்டுப் போற மாதிரி சின்னதா செட் வருதாமே. பாயைக் கூட்டிட்டுப் போய் ஒண்ணு வாங்கிடுங்க. அரை நாள் வேலை."

அந்த அரை நாள் பொங்கலுக்கு ஆரம்பித்து ரம்ஜான் தாண்டியும் முடியவில்லை.

முதலில் வேலூர். கடைக்காரர் சிவப்பு நிறத்தில் அழகான ஒரு டார்ச்சைக் காட்டினார். கொசு மருந்து டப்பா மாதிரி ஒரு கேஸ் டப்பா, தலையில் ஒரு குழாய், அவ்வளவுதான். பாய் பையிலிருந்து கட்டை விரல் தடிமனில் ஒரு இரும்புக் கம்பியை எடுத்தார். கடை வாசலில் வைத்து அதன்மேல் நெருப்பைக் காட்டினார். ஒரு டீ வந்தது, குடித்தோம். சமோசா வந்தது, தின்றோம். கடைக்காரர் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். கம்பி கறுத்ததே தவிர சிவக்கவில்லை.

"நல்ல டார்ச்" என்றார் பாய். "பித்தளை ஒட்டலாம். மீன் வறுக்கலாம். இரும்பு மட்டும் அறுக்காது."

அடுத்த கடையில் ஆக்சிஜன் செட்டே இருந்தது. கடைக்காரர் ஆசையாக வால்வில் கை வைத்தார். பாய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "தலையில இன்னா அது?"

"தேங்கா எண்ணெய், பாய்."

"ஆக்சிஜன் பட்டா எண்ணெய் குபீர்னு பத்திக்கும். எண்ணெய்க் கையால வால்வைத் திறக்கறியே, வியாபாரம் பண்ணப் போறியா, வடையாப் போறியா?"

கடைக்காரர் பின்பக்கம் போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். பாய் முகர்ந்து பார்த்து இன்னொரு தடவை அனுப்பினார். அந்த மனிதர் திரும்பி வருவதற்குள் பாய் அடுத்த சோதனைக்குத் தயாராகிவிட்டார். டிபன் டப்பாவில் சோப்பு நுரை, கையில் ஷேவிங் பிரஷ். குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைத் தடவி, குமிழி விடுகிறதா என்று மூக்கை ஒட்டிப் பார்ப்பார். தெருவில் போனவர்கள் டார்ச்சுக்குச் சவரம் நடப்பதை நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"சரி, நெருப்பு குழாய்க்குள்ள ரிட்டன் வந்தா? தடுக்கறதுக்கு வால்வு இருக்கா?"

"அதெல்லாம் வாரண்டி இருக்கு பாய்."

"எனக்கா, டார்ச்சுக்கா?"

அந்தக் கடையும் முடிந்தது. இப்படிச் சோளிங்கர் வரைக்கும் போய்விட்டு வந்தோம். கடைக்காரர்கள் எங்களைத் தூரத்தில் பார்த்தாலே கை கழுவ ஆரம்பித்தார்கள். ஜி.எம். பேஜாராகிவிட்டார். "பாய் டார்ச் பாக்கறாரா, பொண்ணு பாக்கறாரா?"

"பொண்ணு ஒரே நாள்ல பாத்து முடிச்சேன் சார்" என்றார் பாய், ரொம்ப சீரியஸாக. "அது சீறினா நான் வெளிய போய்ட்டு வரலாம். இது அப்படி இல்லியே."

கடைசியில் வாணியம்பாடியில் அகப்பட்டது. பார்க்க லட்சணமே இல்லை. இரும்புச் சட்டத்தில் இரண்டு குட்டி சிலிண்டர், புத்தகப் பை மாதிரி முதுகில் மாட்ட இரண்டு பட்டை, பாசிப் பச்சை பெயிண்ட். பாய் அதை மாட்டிக்கொண்டு கடை மாடிக்கு ஏறி இறங்கினார். நுரை தடவினார். டேபிள் ஃபேனை முன்னால் வைத்து எதிர்க்காற்றில் எரிய விட்டார். பிறகு கம்பியில் நெருப்பை வைத்து, கண்ணை மூடி, கையைத் தூக்கினார். நான், கடைக்காரர், வாசலில் நின்ற ஆட்டோக்காரர் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கம்பி இரண்டாகி விழுந்தது.

"பேசுது சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

அது வந்த மறுவாரம் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கேன்டீன் ஸ்டெல்லா அக்கா காலிப் பாத்திரங்களோடு சரக்கு லிஃப்டில் கீழே வந்துகொண்டிருந்தார். கூடவே ஒரு டிராலி நிறைய தோல் கட்டு. வழியில் டிராலி சாய்ந்து லிஃப்டின் இரும்புக் கதவில் மோதியது. கதவுப் பட்டைகள் வளைந்து, டிராலிக்கும் கதவுக்கும் நடுவில் அக்காவின் கால் மாட்டிக்கொண்டது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. அலறல் கேட்டு நாங்கள் மாடிக்கு ஓடினோம். கடப்பாரை போட்டு நெம்பினால் டிராலி இன்னும் அழுத்தியது. தீயணைப்பு வண்டி ஹைவே நெரிசலில் நின்றிருந்தது.

பாய் படியேறி வந்தார், முதுகில் பச்சை செட்டோடு. வந்தவர் பற்ற வைக்கவில்லை. மாடி, தோலுக்குச் சாயப் பூச்சு வேலை நடக்கிற இடம், சுற்றிலும் தின்னர் டப்பாக்கள். "டப்பா எல்லாம் வெளிய. ஜன்னல் எல்லாம் திற. தரையில தண்ணி ஊத்து. மெயினை ஆஃப் பண்ணு, லிஃப்டுக்குக் கீழ மரம் முட்டுக் குடு." ஜி.எம். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பக்கெட் சுமந்தார். அந்தப் பக்கம் அக்கா "யேசப்பா" என்று கதற, இந்தப் பக்கம் பாய் பைப் இணைப்புகளுக்கு நுரை தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

பிறகு குரோம் மருந்தில் ஊறிய தோல் கொண்டுவரச் சொன்னார். நீலமாக, தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும். சுலபத்தில் தீப்பிடிக்காது. கதவு இடுக்கு வழியாக உள்ளே தள்ளி, "காலு மேல, முகத்து மேல போத்திக்கோக்கா" என்றார்.

"பாய், இந்த நாத்தத்துக்கு அந்த நெருப்பே மேலு!"

அந்த நிலையிலும் எங்களில் யாரோ சிரித்துவிட்டார். பாய் டார்ச்சைப் பற்ற வைத்தார். வழக்கம்போல எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். அக்காவும் அடங்கிவிட்டார். பாய் உடனே நெருப்பை விலக்கினார்.

"ஏங்க்கா நிறுத்தின? நீ பேசு. கத்து, திட்டு, ஜெபம் பண்ணு. உன் சத்தம் நின்னா நான் நிறுத்திடுவேன்."

அக்கா பேசினார். தோலுக்குள் இருந்தபடியே, கேன்டீனில் காசு பாக்கி வைத்த உப்புமாவில் ஆரம்பித்து, சாம்பாரில் உப்பு இல்லையென்று சொன்ன ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினார். ஜி.எம். பெயரும் வந்தது. பாய் "ஆமாக்கா, இன்னும் இன்னா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே, உள்ளே ஒரு பொறி தெறிக்காமல், பூக்காம்பு கிள்ளுகிற மாதிரி பட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அந்தக் கை கொஞ்சம்கூட அசையவில்லை. வாழ்நாளில் பல பெரிய மனிதர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்படி மெய்சிலிர்த்துப் பார்த்தது அந்தக் கையை மட்டும்தான்.

கடைசிப் பட்டை விழுந்ததும் டிராலியை இழுத்தோம். அக்காவைத் தூக்கி வெளியே எடுத்தோம். கால் விரல் எலும்பு முறிந்திருந்தது, அதோடு சரி. ஆஸ்பத்திரி வண்டியில் ஏறும்போதும் அவர் திட்டிக்கொண்டேதான் போனார்.

கூட்டம் கீழே இறங்கிவிட்டது. பாய் மட்டும் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். அவர் கை கிடுகிடுவென்று ஆடியது. கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் முயன்றார், டீ சிந்தியது. என்னைப் பார்த்து, குற்றம் பண்ணின பிள்ளை மாதிரி சிரித்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கிளாஸை அவர் உதட்டில் வைத்துப் பிடித்தேன். ஒரு வாய் குடித்தார்.

"சக்கரை கம்மி சார்" என்றார்.

எழுந்து போய்ச் சர்க்கரை ஜாஸ்தியாகப் போட்டு இன்னொன்று வாங்கி வந்தேன். அந்த நடுக்கம் நிற்கும்வரை, அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.