மூப்பர் போட்ட அகல அட்டை

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கும் அக்காளுக்கும் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நீங்கள் ஊழியக்காரர், உங்களிடம் முதல் வரியிலேயே பொய் சொல்லக் கூடாது. உடம்பில் எல்லாரும் சுகம். மற்றதெல்லாம் தலைகீழாகக் கிடக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து நீங்கள் பதில் போடுவதற்குள் ஞாயிறு கடந்துவிடும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் கடைக்குள் நடந்து நடந்து தரை தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

நான் படத்துக்குச் சட்டம் போடும் கடையை ஆரம்பித்த சில வருடங்களிலேயே நீங்கள் எனக்கு ஒரு புத்தி சொன்னீர்கள். "கண் பார்க்கக் கூடாததை உன் கை சுவரில் மாட்டக் கூடாது" என்றீர்கள். வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஆனால் கடை என்று இருந்தால் எல்லாப் படமும்தான் வரும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில், நடுவே ஜன்னல் வெட்டிய ஓர் அட்டை வைப்போம். அதற்கு மவுண்ட் என்று பெயர். ஜன்னலைச் சின்னதாக வெட்டினால் அட்டை அகலமாகும், ஆகாதது அதற்குள் போய்விடும். கையில் இருக்கும் மதுக்கிண்ணம், திறந்த தோள், ஊதுகிற சிகரெட் எல்லாவற்றையும் இருபத்தெட்டு வருடமாக இப்படியே மூடி வந்திருக்கிறேன். படம் பாழாகவில்லை, மனச்சாட்சியும் பாழாகவில்லை. ஒரு வாடிக்கையாளர்கூடக் கண்டுபிடித்ததில்லை. "அட்டை கம்பீரமா இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம்.

இப்போது வினை வீட்டுக்குள்ளிருந்தே வந்துவிட்டது. என் மகள், உங்கள் மருமகள், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள் அல்லவா, வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் படம் வரைகிறாள். நாள் முழுக்க மனிதர்களை எலும்புவரை பார்க்கிறவளுக்கு எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்ற வித்தியாசமே மறந்துபோய்விட்டது என்று நினைக்கிறேன். நூலகக் கூடத்தில் அவளுடைய பன்னிரண்டு படங்களைக் கண்காட்சி வைக்க இடம் கொடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன படம் என்றுகூடக் கேட்காமல், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபையார் எல்லாரும் வந்து பார்க்க வேண்டும் என்று சபை மூப்பன் என்ற உரிமையில் போன வாரமே அறிவிப்புக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் சட்டம் போடச் சொல்லிப் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு தேவதூதன் இல்லை, ஒரு ஆட்டுக்குட்டி இல்லை. பால் கொடுக்கிற தாய், சாராயக்கடை வாசல், குழாயடியில் உடுப்பில்லாமல் குளிக்கிற பிள்ளைகள், சட்டையில்லாமல் திரும்பி நிற்கிற ஒரு தடியன். எனக்கு வியர்த்துவிட்டது. பெற்ற மகளின் மனம் நோகக் கூடாது, சபையாரின் கண்ணும் கெடக் கூடாது. பன்னிரண்டுக்கும் அட்டையை அகலமாக வெட்டிவிட்டேன். புதன்கிழமை காலையில் நானே கொண்டுபோய் மாட்டினேன். அவள் வேலை முடித்து நேராகத் திறப்பு விழாவுக்கு வந்தாள்.

அத்தான், படத்தின் பெயர் எழுதிய சீட்டுகளை அவள் தனியாக நூலகரிடம் கொடுத்திருக்கிறாள், அது எனக்குத் தெரியாது. அவர் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டி வைத்திருந்தார். "குளிக்கும் பிள்ளைகள்" என்று சீட்டு சொல்கிறது, மேலே பார்த்தால் ஒரு வாளி மட்டும் இருக்கிறது. "சாராயக்கடை வாசல்" என்ற படத்தில் ஒரு விளக்குக் கம்பம். "பசி ஆறியது" என்ற படத்தில் ஒரு பெண் குனிந்து எதையோ பார்த்துச் சிரிக்கிறாள், எதை என்றுதான் தெரியவில்லை. வந்தவர்கள் சீட்டைப் படிப்பதும் படத்தைப் பார்ப்பதும் மறுபடி சீட்டைப் படிப்பதுமாக நின்றார்கள். பத்திரிகையில் விமரிசனம் எழுதுகிற ஒருவர் வாளிக்கு முன்னால் கால் மணி நேரம் நின்று, "பிள்ளைகளே இல்லாம பிள்ளைகளை வரைஞ்சிருக்காங்க! என்ன துணிச்சல்!" என்று கண் கலங்கினார். உங்கள் மருமகள் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏனென்றால் அந்தத் தடியன் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டை அப்போதுதான் படித்தேன். "அப்பா வேலை செய்கிறார்" என்று எழுதியிருந்தது. மேலே வெறும் வழுக்கைத் தலை.

படத்தில் அவன் முன்னால் இருந்த மேசையும் கோந்துப் பாத்திரமும் என்னுடையவை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் முதுகைக் கண்டதுமே யாரோ மானங்கெட்டவன் என்று திட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி அளவெடுத்துவிட்டேன். தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள், சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள், "ஏம்ப்பா, அது யார் முதுகுன்னுகூட உங்களுக்குத் தெரியலையா?" உடனே என் மனைவி குறுக்கே புகுந்து, "என்னக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? இத்தனை வருஷமா அதுக்குத் தைலம் தேய்க்கிறது யாரு?" என்றாள். இப்படிப்பட்ட இடத்தில் நான் எந்த வேதாந்தத்தைப் பேசுவது?

இருந்தாலும் பேசினேன். இது உலகப்பிரகாரமான கலை, விசுவாசி வீட்டிலிருந்து வரலாமா என்றேன். "கடவுள் மனுஷனப் படைச்சப்போ ஓரத்துல அட்டை வச்சா படைச்சாரு?" என்று கேட்டாள். குடிகாரன் நிற்கிற இடத்தை வரைவதால் யாருக்கு என்ன பிரயோசனம் என்றேன். "அங்க நிக்கிறவனுக்காக ஜெபம் பண்ணச் சொல்றீங்கல்ல, அவன் எப்படி நிக்கிறான்னு ஒரு தடவ பார்க்கக் கூடாதா?" என்றாள். பிறகுதான் இடியைத் தலையில் இறக்கினாள். அந்த முதுகுப் படத்தில் என் ஒரு குதிகால் தரையிலிருந்து எழும்பி நிற்கிறதாம். பக்கத்துக் கடைத் தையல்காரர் வானொலியில் போடுகிற சினிமாப் பாட்டுக்கு நான் தாளம் போடுகிறேனாம். "நீங்க வேலை செய்யும்போது உங்க கால் சும்மாவே இருக்காதுப்பா. அதத்தான் வரைஞ்சேன்" என்கிறாள்.

இது அபாண்டம். அந்தப் பாட்டுகளை எதிர்த்து ஒன்பது வருடமாகக் கடையில் ஞானப்பாட்டு பாடி வருகிறேன். அவர் ஒலியைக் கூட்டினால் நானும் கூட்டுவேன். அதில் ஒரே ஒரு தடவைதான் சறுக்கியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆராதனையில் நான் எடுத்துக்கொடுத்த ஞானப்பாட்டு எப்படியோ தையல்காரர் மெட்டில் வந்துவிட்டது. வாலிபர் வரிசையில் எல்லாரும் தலை கவிழ்ந்து தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்கள். ஆவியின் அசைவு என்று நினைத்து இன்னொரு சரணமும் பாடினேன். மற்றபடி என் கால்மேல் எந்தக் குற்றமும் இல்லை. இதோ இப்போதும் அவர் வானொலி பாடுகிறது, நான் முன்னெச்சரிக்கையாகக் கண்ணாடி அறுக்கும் பலகையைக் காலின்மேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கடைசியாக அவள் சொன்னதுதான் என்னை உட்கார விடமாட்டேன் என்கிறது. "ஞாயித்துக்கிழமை சபைக்காரங்க வர்றதுக்குள்ள அட்டைய நீங்களே கழட்டணும்ப்பா. இல்லன்னா நான் படங்களை எறக்கிட்டு, ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு அறை பாத்துப் போயிடறேன். கோவத்துல சொல்லல" என்றாள். கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குப் பயமில்லை. கோபம் அவளுக்கு மத்தியானத்துக்குள் ஆறிவிடும். இவள் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். நேற்றிலிருந்து ஒரு பெட்டி அலமாரியிலிருந்து இறங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. என் மனைவி அதைத் துடைத்து வேறு வைக்கிறாள்.

கழற்றினால் போதகரும் மூப்பர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் என் வெற்று முதுகைப் பார்ப்பார்கள். கழற்றாவிட்டால் என் பிள்ளை போய்விடுவாள். எழுந்து வாசல்வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். தையல்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மூப்பரே, வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். ஆனாலும் நான் முடிவு செய்துவிட்டேன், அத்தான். நீங்கள் சொன்ன புத்தியிலிருந்து ஒரு நூல்கூட விலகமாட்டேன். அட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். என் மகளின் மனம் மாற நீங்கள் உபவாசித்து ஜெபிக்க வேண்டும். அக்காள் அவளுக்கு இரண்டு வரி எழுதினால் நல்லது.

உங்கள் இருவரையும் ஆண்டவர் நோய்நொடி இல்லாமல் காப்பாராக. சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும், மிச்சமிருந்தால் எங்கள் வீட்டுக்கும் கொஞ்சம் வரட்டும்.

இப்படிக்கு,
தீர்மானத்தில் அசையாத மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை நேற்றுத் தபாலில் போடவில்லை. இன்று சனிக்கிழமை மத்தியானம். காலையில் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். பன்னிரண்டையும் கழற்றிவிட்டேன். என்னுடையதைக் கடைசியில் கழற்றினேன். அத்தான், தோளில் கோந்து காய்ந்த இடத்தைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாள். என்னை இவ்வளவு அன்பாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். நூலகர் பார்க்கிறார் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதுவிட்டேன். உங்கள் மருமகள் இரவு வேலை முடித்து வந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்து முடித்து, என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் எங்கெல்லாம்ப்பா மூடி வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். முதலில் நினைவுக்கு வந்தது உங்கள் வீடுதான். நீங்கள் ஊழியத்துக்குப் போன வருடம், உங்கள் கல்யாணப் படத்துக்குப் புதுச் சட்டம் போட அக்காள் என்னிடம் கொடுத்தாள். "படம் முன்னாடி இன்னும் பெருசா இருந்துச்சேடா" என்று பிறகு கேட்டாள். கண்ணாடி மாற்றினால் அப்படித்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். படத்தை இறக்கிப் பின்பக்கம் திருப்பினால் நான்கு ஆணி இருக்கும். அக்காளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கழற்றுங்கள். வரவேற்பில் வாத்தியக்காரர்கள் என்ன பாட்டு வாசித்தார்கள் என்பது அவளுக்கு நினைவிருக்கும். அந்த அட்டைக்குக் கீழே நீங்கள் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கிறீர்கள்.