கூறைப் பெட்டிக்குப் பக்கத்தில் யார்?

என் தலைக்குள் ஒரே நேரத்தில் நாலு விஷயம்தான் நிற்கும். ஐந்தாவது ஏறினால் முதலாவது சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும். இது தெரியாமலே நான் வவுனியாவில் நுண்ணறிவுப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ('கமலாவுக்கு இடப்பக்கம் இருப்பவர் யார்?' வகையறா. கரும்பலகை இருந்தால் நான் புலி.)

அண்ணாவின் கலியாணத்தன்று நெடுங்கேணியிலிருந்து பளையிலுள்ள பெண் வீட்டுக்கு வான் வெளிக்கிட்டது. ஆட்களை இருத்தும் பொறுப்பை அம்மா என்னிடம் தந்தா.

"பிள்ளை, சின்னம்மா வான் ஓடினால் குமட்டிச் சத்தி எடுப்பா, யன்னல் கரை. பெரியம்மாவுக்கு முழங்கால் ஏலாது, முன் சீற். கூறைச் சேலைப் பெட்டி மாமாவின்ரை மடியில. சித்தப்பா சின்னம்மாவோடை. மாமாவையும் சித்தப்பாவையும் மட்டும் பக்கத்தில இருத்திப்போடாதை, வேலிச் சண்டை. எழுதித் தரட்டே?"

"எனக்கோ?" என்று சிரித்தேன்.

யோசித்தேன். சித்தப்பாவும் சின்னம்மாவும் ஒன்றாக இருக்க வேண்டும். மாமாவும் சித்தப்பாவும் ஒட்டக்கூடாது. அப்படியானால் சின்னம்மா நடுவில்! தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. யன்னல்தான் இல்லை.

மாங்குளம் தாண்டவில்லை. சின்னம்மா வாயைப் பொத்தினா.

"மாமா, பெட்டியைத் தூக்குங்கோ!" என்று கத்தினேன்.

மாமா தூக்கினார். கூறை தப்பியது. முன்னால் திரும்பி நின்ற என் புதுச் சேலை தப்பவில்லை.

வான் நின்றது. "வேணுமெண்டுதான் இவளை என்ரை பக்கம் இருத்தினவை!" என்று மாமா கத்த, சித்தப்பா சண்டைக்கு இறங்கினார். முகூர்த்தம் நெருங்கியது. ஆளுக்கொரு யோசனை சொல்ல, என் தலையில் இருந்த நாலும் இறங்கிப் போயின.

"எல்லாரும் செருப்பைக் கழட்டுங்கோ!" என்றேன்.

"கலியாண நாளில செருப்போடை என்னடி விளையாட்டு?" என்றா அம்மா.

வீதிக்கரையில் வான் சீற் மாதிரியே செருப்புகளை அடுக்கினேன். சின்னம்மாவின் சோடி யன்னல் கரையில். இனி அதை நான் நினைவில் தூக்கிக்கொண்டு திரியத் தேவையில்லை. அது அங்கேயே கிடக்கும். பக்கத்தில் சித்தப்பா. பெரியம்மா முன்னுக்கு. மாமாவின் பெரிய செருப்பை எடுத்துக் கடைசி வரிசையில் வைத்தேன். அடுக்கினபடியே ஆட்களை ஏற்றினேன், முடிந்தது! (வழியால் போன பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.)

பளை வரை ஒரு சத்தியும் இல்லை, ஒரு சண்டையும் இல்லை. முகூர்த்தத்துக்கு முன்பே கூறை மணவறைக்குப் போனது. "ரீச்சர் எண்டால் ரீச்சர்தான்" என்று மாமாவே சொன்னார். நாற்றச் சேலையோடு, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், தலை நிமிர்ந்து நின்றேன்.

இப்போதும் வீட்டில் ஏதாவது குழம்பினால் சித்தப்பா என்னைப் பார்த்துக் காலைத் தூக்குவார்.

"பிள்ளை, என்ரை ஒரு சோடி போதுமோ, இல்லை அயல் வீடுகளிலயும் வாங்கிக்கொண்டு வரட்டோ?"