காக்கையின் வசனத்துக்கு அனுமதி

படங்கள் மராத்தியில் பேச ஆரம்பித்த வருஷம், சர்க்காரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தது. திரையில் ஒலிக்கும் ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே எழுத்தில் சமர்ப்பித்து முத்திரை பெற வேண்டும் என்பது விதி.

கோலாப்பூரில் எங்கள் ஸ்டூடியோ நடிகைகளுக்கு ஒன்பது கஜப் புடவை கட்டிவிடுவது என் வேலை. என் மூத்தவன் மாதவ் ஒலிப்பதிவுக்காரன். திறந்தவெளியில், வெயில் வெளிச்சத்தில்தான் படம் பிடிப்பார்கள். கதாநாயகி வேணுபாய் உருகி உருகிப் பாடும்போது மரத்திலிருந்த காக்கை ஒன்று மூன்று தடவை கத்திவிட்டது. மறுபடி எடுக்கப் பிலிம் இல்லை.

"முத்திரை கிடைக்கலேன்னா நீ வீட்டோட இருந்துக்க," என்று மாதவிடம் சொல்லிவிட்டார் முதலாளி பாபாசாகேப். நான் எங்கள் ஊர் அம்மன் அம்பாபாயை வேண்டிக்கொண்டேன்.

தணிக்கை அதிகாரி பர்வதே படம் பார்க்க வந்தார். காக்கை கத்தியதும் நிறுத்தச் சொன்னார்.

"இந்தப் பேச்சு நீங்க குடுத்த காகிதத்துல இல்லையே?"

"அது காக்கா, சாகேப்," என்றார் முதலாளி.

"யாரா இருந்தா என்ன? என்ன பேசிச்சுன்னு எழுதிக் குடுங்க. சர்க்காரைத் திட்டியிருந்தா?"

"அதோட பாஷை யாருக்குத் தெரியும்?"

"அப்போ மொழிபெயர்ப்பாளர் சான்று வேணும்."

என் பிள்ளையின் முகம் செத்துவிட்டது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சாகேப், பத்தாம் நாள் பிண்டம் வெச்சா காக்காவா வர்றது யாரு? நம்ம பெரியவங்கதானே. இது உங்க அப்பாவாவே இருக்கலாம். அவர்கிட்டயும் சான்று கேப்பீங்களா?"

பர்வதே பேனாவைக் கீழே வைத்தார். "அப்பாவும் எதையும் மூணு தடவை சொல்வாரு," என்றார் மெல்ல. மறுபடி ஓட்டச் சொல்லி, கைகூப்பி நின்று கேட்டார். பிறகு எழுதினார்: 'மேற்படி காக்கையின் கூற்று மூதாதையர் கூற்றாகக் கருதப்பட்டு, ஆட்சேபணையின்றி அனுமதிக்கப்படுகிறது. அவ்விடத்தில் பார்வையாளர்கள் எழுந்து நிற்கக் கடவர்.'

நின்றார்கள். கொட்டகை கொட்டகையாக நின்றார்கள். புனேயில் சோற்றுருண்டையோடு வந்தார்கள். இன்னொரு ஸ்டூடியோ, 'எங்கள் படத்தில் ஐந்து காக்கைகள்' என்று சுவரொட்டி ஒட்டியது. மாதவின் வேலை போகவில்லை. தினமும் காலையில் கூரைமேல் ஏறிக் காக்கைகளைக் கூப்பிடும் பொறுப்பும் சேர்ந்தது.

படம் ஏழாவது மாதம் ஓடுகிறது. நானே நாலு தடவை பார்த்து, நாலு தடவையும் கண்ணீர் விட்டேன். நேற்று கொசுவம் வைக்கும்போது வேணுபாய் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சித்தி, என் பாட்டு எப்படி இருந்துச்சு?"

"எந்தப் பாட்டும்மா?" என்றேன்.