ஸ்கூலுக்குள்ள ஆமை விட்ட கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு கம்ப்யூட்டர்ல ஒரு சதுரம் போட்டுக் காட்டணும்.

தொண்ணூறுகளோட ஆரம்பம். தாம்பரத்துல ஒரு தனியார் ஸ்கூல்ல நான் கணக்கு வாத்தியார். மூணு வருஷமா டெம்பரவரி. "ஒரே ஒரு பெர்மனென்ட் போஸ்ட் கீது சார். வெள்ளிக்கிழமை உங்க கிளாஸ வந்து பாக்கறேன். புடிச்சிருந்தா ஆர்டர் குட்த்துடறேன்"னு கரஸ்பாண்டென்ட் ஐயா சொல்லியிருந்தார். ஸ்கூல் அவரோடது. அது நிக்கிற நிலமும் அவரோடதுதான், முன்னாடி அதுல நெல்லு போட்டுக்கிட்டு இருந்தாங்களாம்.

அப்பதான் ஸ்கூலுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதுக்கு ஏசி ரூம். கோயில் மாதிரி வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். அதுல ஒரு புரோகிராம் உண்டு. திரையில குட்டி ஆமை ஒண்ணு நிக்கும். இத்தனை அடி முன்னாடி போ, இத்தனை டிகிரி திரும்புன்னு டைப் பண்ணா அது நடந்துக்கிட்டே கோடு போடும்.

எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது கம்ப்யூட்டர் டீச்சர் அமீனா. சேர்ந்து ஆறு மாசம்தான், அவங்களும் டெம்பரவரி.

"வெள்ளிக்கிழமை நான் டைப் பண்ணட்டுமா சார்?"னு கேட்டாங்க.

"எதுக்கு டீச்சர், நானே பாத்துக்கறேன்"னேன். ரெண்டு விரல்ல டைப் அடிக்கிறவன் பேசற பேச்சா இது?

அதோட விட்டேனா? வியாழக்கிழமை வாயை வெச்சிக்கிட்டு சும்மா இல்லாம, "நாளைக்கு நம்ம கிளாஸுக்கு ஒரு ஆமை வருது"ன்னு பசங்ககிட்ட சொல்லி அனுப்பினேன். சஸ்பென்ஸ் வைக்கறேனாம்.

பசங்க வீட்ல போய் சொல்லியிருக்காங்க. மறுநாள் காலையில நாலு அம்மாங்க ஐயாகிட்ட போய் நின்னுட்டாங்க. ஐயா நேரா கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்தார். செருப்பைக் கூட கழட்டல.

"இன்னா சார், ஸ்கூலுக்குள்ள ஆமைய இட்டாந்துகீறீங்களாமே?"

"நிஜ ஆமை இல்லீங்கய்யா. ஸ்கிரீனுக்குள்ளதான் இருக்கு."

"ஸ்கிரீன் எங்க கீது? ஸ்கூலுக்குள்ளதானே?"

நான் கணக்கு வாத்தியார். அந்தக் கணக்கு எனக்கே சரியாத்தான் பட்டுது.

"பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ஆமை பூந்த வூடும்..."னு வேகமா ஆரம்பிச்சவர் அப்படியே நிறுத்திட்டார். பழமொழியோட மீதிப் பாதி கம்ப்யூட்டர் பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருந்தது.

அமீனா டீச்சர் அசரல. "அமீனா பூந்த வூடும் உருப்படாது. பரவால்ல, சொல்லுங்கய்யா. அது ஜப்தி பண்ண வர்ற கோர்ட்டு அமீனா. இந்த அமீனா வந்து ஆறு மாசம் ஆச்சு, ஸ்கூல் நல்லாத்தானே இருக்கு?"

ஐயாவுக்கு சிரிப்பு வந்துடுச்சு. வெளிய போய் செருப்பைக் கழட்டிட்டு வந்து உக்காந்தார். "செரி, பேரயாவது மாத்துங்க."

"முயல்னு வெச்சுக்கலாங்கய்யா"ன்னு நான் முந்திக்கிட்டேன்.

பசங்க வந்தாங்க. நாப்பது அடி முன்னாடி போன்னு டைப் பண்ணேன். அந்தக் காலத்து மிஷின். முயல் யோசிச்சு யோசிச்சு நகர்ந்தது.

ஐயா கொஞ்ச நேரம் பாத்தார். "இன்னா சார், முயல் ஆமை மாதிரி போவுது?"

"ஐயா, அது ஆமைதான்யா"ன்னு மொத்த கிளாஸும் கோரஸா சொல்லுச்சு.

போச்சு, ஆர்டர் போச்சுன்னு நினைச்சேன். ஆனா சதுரம் முடிஞ்சு நாலு மூலையும் கரெக்டா சேர்ந்ததும் ஐயா சேரை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டார். மேடவாக்கத்துல அவருக்கு ஒரு மனை, அதுல பங்காளியோட எல்லைத் தகராறு.

"எம்மனைய போடுங்க சார் பாப்போம். இந்தாண்ட அம்பது அடி, அந்தாண்ட எம்பது."

ஆர்டர் கைக்கே வந்துட்ட மாதிரி எனக்கு ஒரு குஷி. அந்த குஷியில அம்பதுக்கு ஒரு சைபர் கூட அடிச்சிட்டேன்.

ஆமை கிளம்பிச்சு. அம்பதைத் தாண்டி, ஸ்கிரீனோட வலது ஓரத்துல மறைஞ்சு, இடது ஓரத்துல முளைச்சு, மறுபடியும் நடந்து வந்தது. எந்த பட்டனைத் தட்டினா நிக்கும்னு எனக்குத் தெரியல.

ஐயா எழுந்தே நின்னுட்டார். "இன்னா சார் இது, பக்கத்து நிலத்துல பூந்து, பின்பக்கமா என் நிலத்துக்குள்ள வருது? எம்பங்காளி கூட இவ்ளோ அநியாயம் பண்லயே."

அமீனா டீச்சர் எட்டி ஒரு பட்டனைத் தட்டி நிறுத்தினாங்க. அம்பது, தொண்ணூறு டிகிரி, எம்பதுன்னு மடமடன்னு அடிச்சாங்க. மனை ரெடி. ஐயா அதைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். பசங்க கை தட்டினாங்க. நானும் தட்டினேன், வேற என்ன பண்றது?

திங்கக்கிழமை பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. அமீனா டீச்சருக்கு.

ஆமை புகுந்த ஸ்கூல் இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு. அதைப் புகுத்தினவன்தான் உருப்படல.